பிள்ளைக்கு ஒரு பறவைப் புத்தகம்

பெங்களூரு பெரிய நகரம். அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. கட்டட வேலை, தையல் வேலை, வீட்டு வேலை, பூ வியாபாரம் என்று பல தொழில் செய்கிறார்கள். இவர்களில் பலர் வளர்ந்த பிறகு எழுதப் படிக்கக் கற்றவர்கள்.

அப்படிக் கற்ற ஒரு தாய் தன் பிள்ளையை அங்கன்வாடிக்கு அழைத்துப் போகிறார். ஆசிரியையிடம் இப்படிக் கேட்கிறார்:

"டீச்சர், நானே இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். என் பிள்ளைக்கு நான் என்ன சொல்லித் தர முடியும்? விளையாட்டுச் சாமான் வாங்கவும் காசு இல்லையே!"

ஆசிரியை சொல்கிறார்: "உங்கள் வீட்டுக் கூரைமேல் காக்கா வந்து உட்காருகிறது அல்லவா, அம்மா? அதிலிருந்து ஆரம்பியுங்கள்."

நல்ல பதில். அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அங்கே 3 வயது முதல் 6 வயது வரை உள்ள பிள்ளைகள் விளையாடிக்கொண்டே கற்கிறார்கள். இந்த வயதுப் பிள்ளைகள் பார்த்துக் கற்பார்கள். தொட்டுக் கற்பார்கள். பேசிக் கற்பார்கள். இதை வீட்டிலும் செய்யலாம். இதற்குப் பறவைகள் நல்ல துணை. பறவையைப் பார்க்கக் காசு வேண்டாம்.

பார்க்கலாம்

காலையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பிள்ளையோடு வாசலில் நில்லுங்கள். வரும் பறவைகளைக் காட்டுங்கள். கேள்வி கேளுங்கள்.

அது காக்கையைவிடப் பெரியதா, சிறியதா? என்ன நிறம்? அலகு எப்படி இருக்கிறது? நடக்கிறதா, தத்துகிறதா? எப்படிக் கத்துகிறது? எத்தனை பறவைகள் இருக்கின்றன?

இப்படிப் பேசும்போது பிள்ளை நிறம் கற்கிறது. எண்ணக் கற்கிறது. புதிய சொல் கற்கிறது.

பெங்களூரில் காக்கை, மைனா, புறா, கிளி, குயில் எல்லாம் உண்டு. இறைச்சிக் கடைகளுக்கு மேலே பருந்துகள் வட்டமிடும். ஏரிக்கரையில் நீர்க்காகம் சிறகை விரித்து வெயிலில் காயவைக்கும். விடுமுறை நாளில் லால்பாக் தோட்டத்துக்குப் போகலாம். 1760ஆம் ஆண்டில் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் அது. அங்கே பெரிய மரங்களில் பல வகைப் பறவைகள் தங்குகின்றன.

சிட்டுக்குருவி முன்போல் கண்ணில் படுவதில்லை. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020இல் ஓர் அறிக்கை வந்தது. பெங்களூரு, சென்னை போன்ற ஆறு பெரிய நகரங்களில் குருவிகள் குறைந்து வருவதாக அது கூறியது. ஓட்டு வீடுகளில் குருவி கூடு கட்ட இடுக்கு இருந்தது. புதிய கட்டடங்களில் அந்த இடம் இல்லை. குஞ்சுகளுக்குப் புழு பூச்சி வேண்டும். செடி கொடி குறைந்தால் பூச்சியும் குறையும்.

இரண்டு மொழியில் பெயர்

பெங்களூரில் வளரும் பிள்ளை வீட்டில் தமிழ் பேசும். தெருவில் கன்னடம் கேட்கும். பறவைப் பெயர்களை இரண்டு மொழியிலும் சொல்லித் தரலாம்.

காக்கை – காகெ
சிட்டுக்குருவி – குப்பச்சி
புறா – பாரிவாள
குயில் – கோகிலெ
மயில் – நவிலு
பருந்து – ஹத்து
ஆந்தை – கூபெ

கிளியைக் கன்னடத்திலும் ஏறக்குறைய அப்படியே சொல்கிறார்கள். பனங்காடை கர்நாடகத்தின் மாநிலப் பறவை. அதற்குக் கன்னடத்தில் நீலகண்ட என்று பெயர். கன்னடப் பெயர் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவைக் கேளுங்கள். பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள்.

அலகு விளையாட்டு

ஒவ்வொரு பறவைக்கும் ஒரு வகை அலகு. ஏன்? அதன் உணவு வேறு. அதனால் அலகும் வேறு. குருவியின் அலகு குட்டையானது, தடிப்பானது. தானியத்தை உடைக்க உதவும். தேன்சிட்டின் அலகு நீண்டு வளைந்தது. பூவில் தேன் எடுக்க உதவும். பருந்தின் அலகு கொக்கிபோல் இருக்கும். இறைச்சியைக் கிழிக்க உதவும்.

இதை விளையாட்டாகக் காட்டலாம். ஒரு தட்டில் பொரி வையுங்கள். ஒரு டம்ளரில் தண்ணீர் வையுங்கள். பிள்ளையிடம் ஒரு சிறிய இடுக்கியும் ஓர் உறிஞ்சு குழலும் கொடுங்கள். "பொரியை எடுக்க எது உதவும்? தண்ணீர் குடிக்க எது உதவும்?" என்று கேளுங்கள். இடுக்கிதான் குருவியின் அலகு. குழல்தான் தேன்சிட்டின் அலகு. பிள்ளை தானே கண்டுபிடிக்கும்.

கடலை, பட்டாணி வைக்க வேண்டாம். சிறு பிள்ளைகள் மூக்கில் போட்டுக்கொள்வார்கள். தொண்டையிலும் அடைக்கும்.

கைவேலை செய்யலாம்

கை மயில்: ஒரு காகிதத்தில் பிள்ளையின் கையை விரித்து வையுங்கள். சுற்றிலும் பென்சிலால் கோடு போடுங்கள். கட்டைவிரல் மயிலின் தலை. மற்ற நான்கு விரல்கள் தோகை. தலையில் கண்ணும் அலகும் வரையுங்கள். கீழே இரண்டு கால் வரையுங்கள். தோகைக்குப் பிள்ளை வண்ணம் தீட்டட்டும். ஓரத்தில் தேதி எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் வரைந்து பாருங்கள். கை எவ்வளவு வளர்ந்தது என்று தெரியும்.

பறக்கும் பறவை: பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்று எடுங்கள். அதில் பறவையின் உடலை வரைந்து வெட்டுங்கள். வெட்டும் வேலையைப் பெரியவர்கள் செய்யுங்கள். உடலின் நடுவில் சிறிய பிளவு போடுங்கள். செய்தித்தாள் துண்டு ஒன்றை விசிறிபோல் முன்னும் பின்னும் மடியுங்கள். அதைப் பிளவில் பாதிவரை நுழையுங்கள். இரண்டு பக்கமும் விரியுங்கள். சிறகு தயார். முதுகில் நூல் கட்டி ஜன்னலில் தொங்கவிடுங்கள். காற்று அடித்தால் பறவை பறக்கும்.

தென்னை ஓலை கிடைத்தால் ஓலைக்கிளி செய்யலாம். நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு இது தெரியும். தாத்தா பாட்டியைக் கேளுங்கள்.

கைவேலையைச் சிறிய வேலை என்று நினைக்கக் கூடாது. பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் போனால் சென்னபட்டணா வரும். மரப் பொம்மைக்குப் பேர்போன ஊர். கடைசல் இயந்திரத்தில் மரம் சுழலும். வண்ண அரக்கை அதன்மேல் அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஒட்டும். பிறகு தாழை இலையால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். பல குடும்பங்கள் இந்தத் தொழிலால் பிழைக்கின்றன.

நாமே எழுதும் புத்தகம்

இப்போது முக்கியமான வேலை. ஒரு பக்கம் எழுதிய பழைய தாள்கள் நான்கு எடுங்கள். எழுதிய பக்கம் உள்ளே போகும்படி ஒவ்வொன்றையும் இரண்டாக மடியுங்கள். மடிப்பு வெளிப்பக்கம் இருக்கட்டும். நான்கையும் அடுக்கித் திறந்த ஓரத்தை ஊசி நூலால் தைத்துவிடுங்கள். எட்டுப் பக்கப் புத்தகம் தயார்.

பக்கத்துக்கு ஒரு பறவை. பிள்ளை படம் வரையட்டும். கீழே நீங்கள் எழுதுங்கள். நீளமாக எழுத வேண்டாம். இரண்டு வரி போதும்.

"இது காக்கை. எங்கள் கூரைக்கு வரும்."

எழுத்து கோணலாக வந்தாலும் பரவாயில்லை. இரவில் பிள்ளையை மடியில் வைத்து அதைப் படித்துக் காட்டுங்கள். பிள்ளை தினமும் அதையே கேட்கும். தினமும் படியுங்கள். பிள்ளைக்கும் எழுத்து பழகும். உங்கள் படிப்பும் மறக்காது.

அச்சுப் புத்தகங்களும் உண்டு. 1957இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட் குறைந்த விலையில் பிள்ளைகளுக்குப் புத்தகம் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் என்ற நிறுவனம் பெங்களூரில் 2004இல் தொடங்கியது. 2015 முதல் ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் கதைகளைத் தருகிறது. அங்கே தமிழ்க் கதைகளும் கன்னடக் கதைகளும் இருக்கின்றன. கைப்பேசியில் இலவசமாகப் படிக்கலாம்.

"தெரியவில்லை" என்றால் வெட்கம் இல்லை

பிள்ளை கேட்கும் எல்லாக் கேள்விக்கும் நமக்குப் பதில் தெரியாது. அதற்கு ஒரு கதை.

சலீம் அலி 1896இல் மும்பையில் பிறந்தார். மிகச் சிறிய வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். மாமா வளர்த்தார். சிறுவன் கையில் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. ஒரு நாள் ஒரு குருவியைச் சுட்டான். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்தது. "இது என்ன குருவி?" என்று கேட்டான்.

மாமாவுக்குத் தெரியவில்லை. "சும்மா இரு" என்று அவர் அதட்டவில்லை. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அவனை அனுப்பினார். அங்கே மில்லார்டு என்ற அதிகாரி இருந்தார். அவர் அலமாரிகளைத் திறந்து, பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளைக் காட்டினார். படிக்கப் புத்தகமும் கொடுத்தார்.

அந்தச் சிறுவன் பிறகு துப்பாக்கியைவிடத் தொலைநோக்கியையே அதிகம் எடுத்தான். பெரிய பறவை அறிஞன் ஆனான். காவிரியின் நடுவில் உள்ள ரங்கனதிட்டு 1940இல் பறவைகள் சரணாலயம் ஆனது. அதற்கு மைசூர் அரசிடம் எடுத்துச் சொன்னவர் சலீம் அலி. அவர் 1987இல் காலமானார். அவர் பிறந்த நவம்பர் 12ஆம் நாளைப் பறவை பார்க்கும் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

பிள்ளை கேட்டால் நாமும் சொல்லலாம்: "எனக்குத் தெரியவில்லை, கண்ணு. வா, கேட்டுப் பார்ப்போம்."

கூண்டு வேண்டாம்

சில பிள்ளைகள் கிளி வேண்டும் என்று அழுவார்கள். காட்டுக் கிளி, மைனா போன்ற நம் நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் அடைப்பதும் குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடுக்கிறது. ஓலைக்கிளி செய்து கொடுங்கள்.

பட்டம் விடும்போதும் கவனம் வேண்டும். நைலான் மாஞ்சா நூல் பருந்தின் சிறகை அறுக்கும். மனிதர் கழுத்தையும் அறுக்கும். 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் அதைத் தடை செய்தது. சாதாரணப் பருத்தி நூல் வாங்குங்கள்.

கோடையில் ஒரு மண் தட்டில் தண்ணீர் வையுங்கள். பூனை எட்டாத இடத்தில் வையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கொசு முட்டையிடும். தண்ணீர் ஊற்றும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். பெருமையாகச் செய்யும்.

பதில் சொல்லுங்கள்

1. குருவியின் அலகு ஏன் தடிப்பாக இருக்கிறது?
2. நகரத்தில் குருவிகள் குறைய என்ன காரணம்?
3. சலீம் அலியின் மாமா செய்த நல்ல காரியம் எது?
4. தண்ணீர்த் தட்டை ஏன் தினமும் மாற்ற வேண்டும்?

கலந்து பேசுங்கள்

உங்கள் சிறு வயதில் ஊரில் என்னென்ன பறவைகள் இருந்தன? இப்போது எவை இல்லை? உங்கள் வட்டாரத்தில் அவற்றுக்கு என்ன பெயர்?

செய்து பாருங்கள்

இந்த வாரம் ஒரு பறவைப் புத்தகம் தையுங்கள். முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயரை எழுதுங்கள். அதன் கீழே உங்கள் பெயரை எழுதுங்கள். அடுத்த வகுப்புக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.