நீரடிக் குகைகளின் நிலப்படமும் உயரப் பிழைகளும்

மெக்சிக்கோவின் யூக்கட்டான் தீபகற்பத்தில் ஆறுகள் மிக அரிது. மழைநீர் சுண்ணாம்புப் பாறையினுள் இறங்கி, குகைகளின் வழியே கடலைச் சென்றடைகிறது. அக்குகைகளுள் ஒன்றான சாக் ஆக்டுன், அண்டைக் குகையுடன் இணைந்திருப்பது 2018ஆம் ஆண்டு சனவரியில் அறிவிக்கப்பட்டபோது, அதன் அளந்த நீளம் 347 கிலோமீட்டராயிற்று. இத்தொகுதியின் ஓயோ நெக்ரோ என்னும் குழியில், சுமார் 40 மீட்டர் ஆழத்தில், 12,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட இளம்பெண் ஒருத்தியின் எலும்புக்கூடு கிடைத்தது. அவள் வாழ்ந்த நாளில் கடல் தாழ்ந்திருந்தது, குகை உலர்ந்திருந்தது. பனியூழி முடிவில் கடல் சராசரியாக ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் உயர்ந்தது. ஆதலின் நிலப்படத்தில் ஒரு மீட்டர் பிழை நேர்ந்தால், குகை நீரில் மூழ்கிய காலக் கணக்கில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிசகும்.

அளவும் கணக்கும்

மூழ்குநர் குகையில் கட்டிய கயிற்றைப் பின்பற்றி, ஒவ்வொரு புள்ளிக்கும் இடையிலுள்ள தூரத்தையும் திசையையும் குறிக்கின்றனர். ஒவ்வொரு புள்ளியின் ஆழத்தையும் ஆழமானியால் அளக்கின்றனர். சர்வெக்ஸ், தெரியன் போன்ற கணிப்பொறி நிரல்கள் இவற்றைக் கொண்டு குகையின் வடிவத்தைக் கணிக்கின்றன. கயிற்றின் சாய்ந்த நீளமும் ஆழ வேற்றுமையும் தெரிந்தால், கிடைத்தூரம் செங்கோண முக்கோண விதியால் கிடைத்துவிடும். இரு புள்ளிகளின் ஆழ வேற்றுமை கயிற்றின் நீளத்தை மிஞ்சுமாயின், எழுத்துப் பிழையோ பதிவுப் பிழையோ உண்டென்பது உறுதி. 12.4 என்பது 21.4 என எழுதப்படுவது இத்தகையது.

சுற்று மூடுவது சான்றாகுமா?

புறப்பட்ட இடத்துக்கே அளவுகள் திரும்பி வந்து பொருந்தினால், அளவை சரியென்று கருதுவது வழக்கம். உயரத்தைப் பொறுத்தவரை இக்கருத்து ஏமாற்றும். ஒரு புள்ளியின் ஆழம் தவறாயின், அதற்கு முந்திய கயிற்றுத் துண்டில் கூடிய பிழை அடுத்த துண்டில் அதே அளவு குறைந்துவிடுகிறது. ஆழமானி எங்கும் ஒரே விகிதத்தில் குறைத்துக் காட்டினாலும் சுற்று செவ்வனே மூடும். ஆகவே அண்டைப் புள்ளிகளை ஒப்பிடுவதும், வேறு ஆழமானியால் சில இடங்களை மீண்டும் அளப்பதும் இன்றியமையாதன. சுற்றில் எஞ்சிய பிழையை நிரல் எல்லாத் துண்டுகளுக்கும் பகிர்ந்துவிடுமாதலால், இச்சோதனை அதற்கு முன்னரே நிகழ வேண்டும்.

நீரின் அடர்த்தி

ஆழமானி உண்மையில் அளப்பது அழுத்தத்தை. அழுத்தத்தை ஆழமாக மாற்ற அது ஓர் அடர்த்தியைக் கொள்கிறது. நன்னீரின் அடர்த்தி எண்ணை 1 என்றும் கடல்நீரின் எண்ணை 1.025 என்றும் கொள்வோமாயின், கடல்நீருக்கென அமைந்த கருவி, முற்றிலும் நன்னீராலான 40 மீட்டர் ஆழத்தை 39.0 மீட்டர் எனக் காட்டும்.

யூக்கட்டானிலோ மேலே நன்னீரும் கீழே உவர்நீரும் உள்ளன. நன்னீர் 15 மீட்டரும் கடல்நீர் 25 மீட்டரும் இருப்பின், அதே கருவி 39.6 மீட்டர் காட்டும். இதை முழுவதும் 1.025ஆல் பெருக்கினால் 40.6 என வந்து, பிழை எதிர்ப்புறம் சாயும். எல்லைப் படலம் கருவியில் 14.6 மீட்டரில் தோன்றும். அதுவரையிலுள்ள பகுதியை மட்டும் திருத்தினால் 15 மீட்டர். எஞ்சிய 25 மீட்டருக்குத் திருத்தம் வேண்டுவதில்லை. கூட்டினால் உண்மையான 40 மீட்டர் கிடைக்கும். ஆதலின் எல்லையின் ஆழத்தையும் கருவி கொண்ட அடர்த்தியையும் குறிப்பேட்டில் பதிவு செய்ய வேண்டும்.

ஆதார மட்டம்

நீர்மட்டம் கடலோரத்தில் ஓதத்தாலும், உள்நாட்டில் மழையாலும் மாறும். ஆகவே கரைப் பாறையில் நிலையான குறி ஒன்றிட்டு, அதற்கும் நீர்ப்பரப்பிற்கும் உள்ள இடைவெளியை ஒவ்வொரு நாளும் அளந்து, ஆழங்களை அக்குறிக்கு இணைத்தல் நலம். குறியின் உயரத்தைச் செயற்கைக்கோள் கருவியால் பெறும்போதும் விழிப்பு வேண்டும். அது நேரடியாகத் தருவது கணித நீள்வட்டத்தினின்று கொண்ட உயரம். கடல்மட்டத்தினின்று கொண்டது அன்று. இந்தியாவின் தெற்கே இந்துமாக்கடலில் இவ்விரண்டின் வேற்றுமை சுமார் 106 மீட்டர் வரை செல்கிறது. நிரலில் ஆழம் கீழ்நோக்கி மிகைக்குறியோடு எழுதப்படுகிறதா, குறைக்குறியோடா என்பதும் முதலிலேயே தெளிவாக வேண்டும். மாறினால் குகை தலைகீழாகும்.

கணிப்பொறி தனக்குத் தரப்பட்ட எண்களை ஐயமின்றி ஏற்கிறது. அழகிய படம் வரைந்து தருவதாலேயே அவ்வெண்கள் மெய்யாகிவிடா. நீரின் இயல்பையும் கருவியின் இயல்பையும் உணர்ந்தவர் தொகுத்த குறிப்பேடே நம்பத்தகுந்த நிலப்படத்தின் அடிப்படை.