ஊன் கலவாத பண்டங்களும் கனிகளின் பணியும்

இல்லறத்தார்க்குரிய எட்டு மூலகுணங்களில் ஊன், கள், தேன் ஆகிய மூன்றையும், ஆல், அரசு, அத்தி முதலிய ஐவகைக் கனிகளையும் விலக்குதல் அடங்கும் என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். கண்ணுக்குத் தெரியும் ஊனை விலக்குதல் நமக்கு எளிது. பசையாகவும் நிறமாகவும் உறைபொருளாகவும் பெயர் மாறி வருவதை விலக்குவதே இந்நாளில் அரிதாக உள்ளது. பிறந்தநாள் விருந்துக்குச் சென்று வரும் குழந்தை, "எல்லோரும் உண்டார்கள், நான் மட்டும் ஏன் உண்ணக் கூடாது?" என்று கேட்கும்பொழுது, "அது நமக்கு ஆகாது" என்னும் விடை மட்டும் போதுமா? அப்பண்டத்தையே நமக்கு ஆகும் வகையில் செய்து தருதல் நன்று. அதற்குப் புதிய கனிகள் எவ்வாறு துணை நிற்கின்றன என்பதைக் காண்போம்.

முதலில் ஜெல்லி. கடையில் விற்கும் ஜெல்லி, மெல்லும் மிட்டாய் ஆகியவற்றில் பலவற்றை உறையச் செய்வது ஜெலட்டின். அது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. (மருந்துக் குளிகைகளின் உறையும் பெரும்பாலும் அதுவே.) கனிகளிலோ பெக்டின் என்னும் பொருள் இயல்பாகவே உள்ளது. புளிப்பும் சர்க்கரையும் தக்க அளவில் சேர்ந்து கொதித்தால், அது தானே உறைந்து நிற்கும். கொய்யாவில் இது மிகுதி.

பழுக்கத் தொடங்கிய, கெட்டியான கொய்யாவே இதற்கு ஏற்றது. மிகக் கனிந்துவிட்டால் பெக்டின் சிதைந்துவிடும். பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் பாகுதான் கிடைக்கும். மழைக்காலக் கொய்யாவில் பழ ஈயின் புழுக்கள் மிகுதியாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு பழத்தையும் நான்காகப் பிளந்து, நல்ல வெளிச்சத்தில் பார்த்த பின்னரே பாத்திரத்தில் இடுதல் வேண்டும். இவ்வொரு செயலில் சோம்பினால் நாம் விலக்க முயன்ற குற்றமே வந்து சேரும். துண்டுகள் மூழ்குமளவு நீர் விட்டு அரைமணி நேரம் வேகவைத்து, மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிடுக. பிழிதல் கூடாது, பிழிந்தால் சாறு கலங்கிவிடும். வடிந்த சாறு நான்கு கோப்பைக்குச் சர்க்கரை மூன்று கோப்பை, ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறு சேர்த்து, எவர்சில்வர் பாத்திரத்தில் நன்கு கொதிக்கவிடுக. கரண்டியைச் சாய்த்தால் துளித்துளியாக விழாமல் ஏடுபோல் வழியும் நிலையே பதம். காலையில் காய்ச்சினால் மாலைக்குள் உறைந்துவிடும். சூரியன் மறையுமுன் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். பல விதைக் கனிகளை விலக்கும் நியமம் உடையோர் ஆப்பிளைக் கொண்டு இதனைச் செய்யலாம். பண்டங்களுக்கு நாள் வரையறை கொண்டோர் சிறிதளவே காய்ச்சுக.

கடைப்பண்டத்தின் மேலுள்ள பச்சைக் குறி, அதில் ஜெலட்டின் இல்லை என்பதற்குச் சான்றாகும். ஆயினும் நமக்கு அக்குறி மட்டும் போதாது. 2020ஆம் ஆண்டின் உணவுச் சீட்டு விதிகள் தேனை அசைவத்தில் சேர்க்கவில்லை. எனவே தேன் கலந்த பண்டமும் பச்சைக் குறியுடனேயே வரும். சேர்க்கைப் பொருள்களின் பட்டியலைப் படிக்கும் பழக்கம் இன்றியமையாதது. அதில் 440 என்ற எண் பெக்டினைக் குறிக்கும். 120 என்பது கார்மைன். இது கள்ளிச்செடியில் வாழும் சிறு பூச்சிகளை உலர்த்தி எடுக்கும் செந்நிறம்.

அந்நிறம் வேண்டுமிடத்து மாதுளைச் சாறு பயன்படும். அதன் சிவப்பு புளிப்பில்தான் நிலைக்கும். சமையல் சோடா பட்டால் மங்கி நீலம் பாயும். ஆகையால் சர்பத்துக்கும் ஜெல்லிக்கும் அது பொருந்தும், கேக் மாவுக்குப் பொருந்தாது.

கேக்கில் முட்டைக்கு மாற்றாக வாழைப்பழம் உதவும். தோலில் கரும்புள்ளி விழுந்த பழத்தை மசித்து, ஒரு முட்டைக்குக் கால் கோப்பை வீதம் சேர்க்கலாம். முட்டை மாவைப் பிணைப்பதோடு எழும்பவும் செய்கிறது. வாழைப்பழம் பிணைப்பது ஒன்றையே செய்யும். எழும்புவதற்குச் சமையல் சோடாவும் சிறிது தயிரும் சேர்த்தல் வேண்டும். ஓரிரு முட்டை சேரும் கேக்குகளுக்கே இம்முறை ஏற்கும். ஐந்தாறு முட்டையால் ஆவனவற்றை இவ்வாறு செய்ய முயன்று மாவை வீணாக்குவதினும் ஒரு ரவா கேசரி கிண்டுதல் மேல்.

பாலாடைக்கட்டிகள் சிலவற்றை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் பயன்படுகிறது. நுண்ணுயிர்களால் ஆக்கிய ரென்னெட்டும் இன்று வழக்கில் உள்ளது. ஆயினும் இரண்டில் எது சேர்ந்தது என்று சீட்டில் எப்பொழுதும் தெளிவாக இராது. வீட்டில் ஒரு லிட்டர் பாலைக் கொதிக்கவைத்து இறக்கி, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை அதே அளவு நீரில் கலந்து சிறிது சிறிதாக விட்டால், பால் திரிந்து பனீர் பிரியும். தெளிந்த நீரைக் கொட்டிவிடாமல் சப்பாத்தி மாவு பிசையப் பயன்படுத்தலாம்.

பிழிந்த எலுமிச்சை மூடிகளில் உப்பைத் தொட்டுத் தேய்த்தால் பூசைக்குரிய பித்தளை, செம்புப் பாத்திரங்களின் கறுப்பு நீங்கும். தேய்த்தவுடன் நீரில் நன்கு கழுவித் துடைத்துவிடுக. புளிப்பு தங்கினால் பச்சைக் களிம்பு ஏறும். அக்களிம்பு நஞ்சாதலின், ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் மேற்சொன்ன கனிச்சாறு எதனையும் ஊற்றிவைத்தல் ஆகாது.