அட்டை இருந்தும் கையை விரித்தார்கள், பில்லையும் மறுத்தார்கள். வழக்குப் போடலாமா?

கேள்வி: நான் தரைப்படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். தாராவி 90 அடி சாலைப் பக்கம் குடும்பத்தோடு வசிக்கிறேன். அருகில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரியில் முன்பெல்லாம் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டையைக் காட்டினால் போதும். பிறகு, அரசிடமிருந்து பாக்கி வரவில்லை என்று அட்டையை நிறுத்திவிட்டார்கள். ஒரு நள்ளிரவில் மனைவிக்கு நெஞ்சுவலி. அந்த ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டுக் கையை விரித்ததால், மாட்டுங்காவில் வேறோர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். நகையை அடகு வைத்து 3,80,000 ரூபாய் கட்டினேன். மறுநாள் காலையே இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குக்குப் போன் செய்து சொன்னேன். ஆனாலும், ‘பட்டியலில் இல்லாத மருத்துவமனை, 48 மணி நேரத்துக்குள் தகவல் இல்லை’ என்று பில்லை மறுத்துக் கடிதம் வந்தது. அது வந்து 14 மாதம் ஆகிறது. நேரில் பலமுறை போய்க் கேட்டும் பலன் இல்லை. ராணுவக் கேண்டீனிலும் கேட்ட பொருள் கிடைப்பதில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வழக்குப் போடலாமா?

— முன்னாள் ஹவில்தார், தாராவி

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே வெளியிட்டிருக்கிறோம். விட்டுப்போனவை பெரும்பாலும் உங்கள் மனக்குமுறல்கள். அவை நியாயமானவை. ஆனால் வழக்கு அவற்றால் தீராது.

கேண்டீனை முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். கேண்டீன் துறையான சி.எஸ்.டி.யின் தலைமை அலுவலகம் உங்கள் ஊரிலேயே, மகரிஷி கார்வே சாலையில் இருக்கிறது, புகார் எழுதுங்கள். கேண்டீன் என்பது சலுகை. எந்தப் பொருள், எவ்வளவு, என்ன விலை வரம்பு என்பதை அரசு மாற்றிக்கொள்ளலாம். 2019-ல் கார் வாங்குவதற்கு வரம்பு கொண்டுவந்தார்கள், நினைவிருக்கும். சோப்பு கிடைக்கவில்லை என்பதையும் ஸ்டென்ட் பணம் வரவில்லை என்பதையும் ஒரே மனுவில் எழுதினால் இரண்டாவதின் கனமும் குறைந்துபோகும்.

இ.சி.எச்.எஸ். அப்படியல்ல. 2003 ஏப்ரல் 1 முதல் நடக்கும் இந்தத் திட்டத்தில் நீங்கள் சந்தா கட்டிச் சேர்ந்திருக்கிறீர்கள். உங்கள் வழக்கைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: அன்றிரவு நடந்தது அவசர சிகிச்சையா, இல்லையா? அவசரம் என்றால், பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் சேர்க்கலாம் என்று திட்டத்தின் விதிகளே சொல்கின்றன. ஆகவே ‘பட்டியலில் இல்லை’ என்பது மட்டுமே மறுப்புக்குக் காரணமாக நிற்காது.

உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரல் 13 அன்று சிவ காந்த் ஜா வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அவர் ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரி. அவர் சிகிச்சை பெற்ற இடங்களில் ஒன்று நம் மும்பை ஜஸ்லோக் ஆஸ்பத்திரி. சிகிச்சை உண்மையிலேயே நடந்ததா, அதற்கு ஆவணம் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக மட்டும் பணத்தை மறுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். அது மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தைப் பற்றிய தீர்ப்பு. அதன் நியாயம் உங்களுக்கும் பொருந்தும் என்று வாதிடலாம். வெற்றி நிச்சயம் என்று நான் எழுதித் தர மாட்டேன். சுர்ஜித் சிங் என்ற பஞ்சாப் போலீஸ் அதிகாரிக்கு, இங்கிலாந்து போன இடத்தில் நெஞ்சுவலி வந்து லண்டனில் பைபாஸ் செய்தார்கள். அந்தச் செலவுக்கும் உச்ச நீதிமன்றம் 1996-ல் பணம் தரச் சொன்னது. ஆனால் லண்டன் பில்படி அல்ல, டெல்லி தனியார் ஆஸ்பத்திரிக் கட்டணப்படி. நீங்களும் 3,80,000 ரூபாய் முழுதாக வரும் என்று கணக்குப் போடாதீர்கள். சி.ஜி.எச்.எஸ். விகிதப்படி எவ்வளவு தேறுமோ அவ்வளவுதான் பெரும்பாலும் கிடைக்கும்.

எதிர்த் தரப்பு நிச்சயம் கேட்கப்போவது: தாராவிக்குப் பக்கத்தில் சயான் ஆஸ்பத்திரி இருக்க, மாட்டுங்காவில் தனியாரிடம் ஏன் போனீர்கள்? இதற்கு உங்கள் பதில் என்ன என்று கடிதத்தில் எழுதவே இல்லை. யோசித்து வையுங்கள். பட்டியலில் இருந்த ஆஸ்பத்திரி முன்பணம் கேட்டுத் திருப்பி அனுப்பியதை எழுத்தில் வாங்கியிருந்தால் இந்தக் கேள்வியின் பல்லைப் பிடுங்கியிருக்கலாம்.

இனி நீங்கள் விரும்பாத பகுதி. பணியில் இருந்தபோது ஒரு ஜோடி பூட்ஸுக்குக்கூடக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் நீங்கள். கிட்டத்தட்ட நாலு லட்ச ரூபாய் அசல் பில்லை, நகல்கூட எடுக்காமல், ஒப்புகை முத்திரையும் இல்லாமல் கவுண்டரில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். மறுப்புக் கடிதம் வந்த பிறகு ‘பார்க்கலாம், அடுத்த மாதம் வாங்க’ என்று யாரோ சொன்னதை நம்பி 14 மாதம் அலைந்திருக்கிறீர்கள். அத்தனை அலைச்சலுக்கும் ஒரு தாள் சாட்சி கிடையாது. ஒரு மேல்முறையீட்டு மனுவை ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருந்தால் செலவு நூறு ரூபாய்க்குள் முடிந்திருக்கும். அதைச் செய்யாததற்குக் கடிதத்தில் ஒரு காரணமும் தேடிக் கிடைக்கவில்லை.

காலக்கெடு ஏன் முக்கியம் என்றால், ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் 2007-ன் 22-ஆம் பிரிவுப்படி இறுதி உத்தரவு வந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். நீங்கள் 8 மாதம் தாண்டிவிட்டீர்கள். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. மனைவியின் தொடர் சிகிச்சை, அடகு, அலைச்சல் எல்லாம் தேதியோடு, ஆதாரத்தோடு வர வேண்டும். இப்போது புதிதாக ஒரு மனு அனுப்பினால் கெடு மறுபடி முதலிலிருந்து ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செத்த கெடுவை மனு எழுதி எழுப்ப முடியாது.

போக வேண்டிய இடம் மும்பைத் தீர்ப்பாய அமர்வா, பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவா என்பதில் அதிகார வரம்புப் பிரச்சினை உண்டு. அதைத் தாள்களைப் பார்க்காமல் இந்தப் பத்தியில் சொல்வது பொறுப்பில்லாத வேலை. ஒன்று மட்டும்: ‘சந்தா கட்டினேன், நான் நுகர்வோர்’ என்று நுகர்வோர் ஆணையத்துக்கு ஓடாதீர்கள். அரசு ஊழியர் ஓய்வுகாலப் பலன்களுக்காக அங்கே போக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது. அங்கே போனால் இன்னும் ஓர் ஆண்டு போய்விடும்.

இந்த வாரமே ஆக வேண்டியவை. உங்கள் கோப்பு, அதன் குறிப்புகள், மறுப்புக்கு முன் யார் என்ன எழுதினார்கள் என்பதன் நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். மாட்டுங்கா ஆஸ்பத்திரி ஆவணப் பிரிவில் டிஸ்சார்ஜ் சம்மரி, கேஷுவாலிட்டி பதிவு, வகைவாரி பில் ஆகியவற்றின் சான்றிட்ட நகலும், அவசர நிலைச் சான்றும் வாங்குங்கள். எத்தனை மணிக்குக் கேஷுவாலிட்டிக்குள் வந்தார் என்ற வரிதான் உங்கள் வழக்கு. ஸ்டென்ட் உறையின் ஸ்டிக்கர் வீட்டில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். 2017 பிப்ரவரி முதல் ஸ்டென்டுக்கு அரசு விலை உச்சவரம்பு இருப்பதால் பில்லையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஈ.சி.ஜி. தாளை லேமினேஷன் செய்துவிடாதீர்கள்! அது வெப்பத்தாள், சூடு பட்டால் மொத்தமும் கறுத்துவிடும். ஏற்கெனவே மங்கியிருக்கும், இன்றே ஜெராக்ஸ் எடுங்கள்.

மறுநாள் காலை பாலிகிளினிக்குக்குப் போன் செய்தேன் என்கிறீர்களே, அது உண்மையானால் 48 மணி நேரம் என்ற இரண்டாவது காரணமும் ஆட்டம் காணும். அழைப்பு விவரங்களைச் சேவை நிறுவனங்கள் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பில்லை மறுத்தே 14 மாதம் ஆகிறது, போன் அதற்கும் முந்தியது. அந்த இரண்டு ஆண்டு முடிவதற்குள் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

மனு உங்கள் பெயரில்தான் போக வேண்டும்; திட்டத்தின் முதன்மை உறுப்பினர் நீங்கள், மனைவி சார்ந்தவர். அட்டை, மறுப்புக் கடிதம், ஓய்வூதிய ஆணை மூன்றின் அசலோடு, படைத்துறை வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள். இங்கே எழுதியது பொதுவான விளக்கம். இதை வைத்து மட்டும் வழக்குப் போடாதீர்கள். வழக்கறிஞரைப் பார்ப்பதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடவும் செய்யாதீர்கள்.