குளிர்நாட்டு முந்திரிகையும் யாழ்ப்பாணப் பந்தலும்

முந்திரிகைக் கொடி பெரும்பாலும் 30 பாகைக்கும் 50 பாகைக்கும் இடைப்பட்ட அகலக்கோடுகளிலேயே பயிராகின்றது. அந்த எல்லையின் வடகோடியிற் கிடப்பது ஜேர்மனியின் மோசல் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஆற்றங்கரைச் சரிவுகள் சில, கயிற்றைப் பிடித்து ஏறவேண்டிய அளவுக்குச் செங்குத்தானவை. தெற்கு நோக்கிய சரிவுகளையே அங்குள்ளோர் விரும்பித் தேர்வர். ஏனெனில் வெயில் அங்கேதான் நன்கு விழும். நிலத்திற் பரந்து கிடக்கும் கரிய பலகைக்கற்கள் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவிற் கொடிக்கு விடுகின்றன. அங்குப் பெரிதும் பயிராகும் இனம் றீஸ்லிங். மெல்லப் பழுக்கும் அவ்வினத்திற்கு இரவுக் குளிர் புளிப்பை அழியவிடாது காக்கின்றது. இனிப்பும் புளிப்பும் ஒத்து நிற்கும் வெள்ளை வைன் அதனாலேயே உண்டாகின்றது.

அத்தகைய இனத்தின் தடியைக் கொணர்ந்து உரும்பிராயிலோ கோண்டாவிலிலோ நட்டால் என்ன என்று கேட்போர் உளர். கொடி வளரும், குணம் வராது. யாழ்ப்பாணம் ஏறத்தாழ 10 பாகை அகலக்கோட்டில் உள்ளது. வெப்பமான இரவிலே பழத்தின் புளிப்பு விரைந்து குறைந்துவிடும். இங்கு நெடுங்காலமாகப் பந்தல்களில் நிலைத்தது இஸ்ரேல் புளூ என்னும் கருநீல இனமே. அது உண்பதற்குரிய பழம். வைனும் இக்குடாநாட்டுக்குப் புதியதன்று. 1928இல் தோலகட்டியில் தோன்றிய ஆச்சிரமத்தின் வைனும் நெல்லிரசமும் பலரும் அறிந்தவை.

ஆகவே குளிர்நாட்டிலிருந்து நாம் பெறவேண்டியது தடியன்று; ஒரு பாடம். அங்கே பனிக்காலம் வந்ததும் கொடி இலையுதிர்த்து உறங்குகின்றது. வசந்தத்தில் எல்லா அரும்புகளும் ஒருங்கே விழிக்கின்றன. பூவும் காயும் ஒரே காலத்தில் வந்து, ஒரே காலத்திற் பழுக்கின்றன. இங்கே கொடிக்கு உறக்கமில்லை. வெட்டாது விட்டால் அது பந்தல் முழுதும் இலையாய்ப் படர்ந்து நல்ல நிழல் தரும். பழமோ அங்கொன்றும் இங்கொன்றுமாய் இருக்கும். பனி செய்யும் வேலையைக் கமக்காரனின் கத்தியே செய்தல் வேண்டும்.

எப்போது வெட்டுவது என்பதிலேதான் பலர் இடறுகின்றனர். வெங்காயம் ஒரு போகம் பிழைத்தால் அடுத்த போகத்தில் ஈடு செய்யலாம். தூணும் கம்பியும் இட்டு, முதற்பழத்திற்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் காத்திருந்தவனுக்கு ஒரு போக இழப்புப் பேரிழப்பாகும். வெட்டியதிலிருந்து அறுவடைக்கு ஏறத்தாழ 120 நாள்கள் செல்லும். குடாநாட்டின் பெருமழை ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை. எனவே மழையிலிருந்து பின்னோக்கி எண்ணுதல் வேண்டும். தைப்பொங்கலுக்கு முன், மழை ஓய்ந்ததும் வெட்டிய கொடி மே முற்பகுதியிற் பழந்தரும். மூன்று நான்கு வாரம் இளைப்பாறவிட்டு மே முடிவில் வெட்டினால், செப்தெம்பர் இறுதியில் மீண்டும் அறுக்கலாம். ஓகத்தில் வெட்டியவனின் கொடியோ மழை தொடங்கும் வேளையிற் பூவும் பிஞ்சுமாய் நிற்கும். அப்பூவை நம்பிக் கடன் வாங்குதல் தகாது.

வெட்டும்போது முற்றிக் கபில நிறமான தடிகளையே காய்க்கும் தடிகளாகக் கொள்க. தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கில், பன்னீர் திராட்சை எனப்படும் மஸ்கற் இனத்திற்கு நான்கு அரும்பு விட்டு வெட்டுவர். மெலிந்த தடியில் ஒன்றிரண்டு அரும்பே போதும். அது அடுத்த முறைக்கு வலுப்பெறட்டும். வெட்டுவாயில் நீர் சொட்டுவது கண்டு அஞ்சவேண்டியதில்லை. வெட்டிய தடியையும் இலையையும் பந்தலின் கீழ் விடாது எரித்துவிடுக. நோய் வித்துகள் அங்கேதான் தங்கும்.

ஈரலிப்பான காலத்தில் இலையின் அடியில் வெண்பூஞ்சணமாய்த் தோன்றுவது அடிச்சாம்பல் நோய். 1878 அளவில் இந்நோய் பிரான்சிற் புகுந்து தோட்டங்களை அழித்தது. போர்டோப் பகுதியில், வழிப்போக்கர் பழம் பறியாதிருக்கத் தெருவோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தனர். அக்கொடிகள் மட்டும் இலையுதிராது நிற்பதை 1882இல் மில்லார்டே என்னும் அறிஞர் கண்டார். ஆராய்ந்து 1885இல் வெளியிட்டார். கள்ளரை விலக்க இட்ட கலவையே இன்றும் போர்டோக் கலவை எனப்படுகின்றது.

நூற்றுக்கு ஒரு வீதக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, நீற்றிய சுண்ணாம்பு 1 கிலோ, நீர் 100 லீற்றர். இரண்டையும் 50 லீற்றர் வீதம் வெவ்வேறாகக் கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குக. இரும்புப் பாத்திரம் ஆகாது. தீட்டிய கத்தியைச் சிறிதுநேரம் தோய்த்துப் பார்த்தால், செம்பு நிறம் படியுமாயின் சுண்ணாம்பு போதாது. கலக்கிய அன்றே தெளித்து முடித்தல் வேண்டும். செம்பு மண்ணிற் சேர்ந்து தங்குவதாதலால், கைக்கு வந்தபோதெல்லாம் தெளித்தல் நன்றன்று. நோயின் அளவைப் பிரதேச விவசாயப் போதனாசிரியருக்குக் காட்டிய பின் தெளிக்கலாம்.

அறுவடைக்கு ஒரு வாரத்திற்கு முன் இறைப்பை நிறுத்துக. முந்திரிகை, மாங்காய் போல வைத்துப் பழுக்கும் பழமன்று. பறித்தபின் இனிப்பு ஏறாது. நிறம் முந்தி வரும், இனிப்புப் பிந்தியே வரும். சந்தை விலை உயர்ந்திருக்கிறதென்று நிறம் கண்டதும் அறுப்பவர் புளித்த பழத்தை விற்று, அடுத்த முறை வாங்குவோரை இழக்கின்றனர். குலையின் நுனிப்பழமே கடைசியாகப் பழுக்கும். அதைத் தின்று பார்த்து, அது இனித்தால் குலையை வெட்டலாம்.