வானில் செல்லும் நாரைக் கூட்டத்தைப் படம் பிடித்தல்



வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், மாலை ஏழு மணிக்குச் சற்று முன், நம் தோட்டத்துச் செம்பனைகளுக்கு மேலே வெண்பறவைகள் வரிசை வரிசையாகச் செல்வதை நாம் காண்கிறோம். லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் அண்ணாந்து பார்த்து, "கொக்கு அடையப் போகிறது" என்பர். அக்காட்சியைப் புகைப்படமாகப் பிடிப்பது எவ்வாறு, பிடித்த படத்தால் விளையும் பயன் யாது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதற்கண், நாம் காண்பது எந்தப் பறவை என அறிதல் வேண்டும். நீண்ட காலுடைய பறவை அனைத்தையும் நாம் கொக்கு என்றே அழைத்துவிடுகிறோம். பறக்கும்போது கழுத்தை மடக்கித் தோளோடு சேர்த்துக் கொள்வது கொக்கு. கழுத்தை ஈட்டிபோல் முன்னே நீட்டிப் பறப்பது நாரை. இவ்விரண்டிற்கும் வேறான மூன்றாம் குலம் ஒன்றுண்டு. சாரசப் பறவை அக்குலத்தைச் சேர்ந்தது. அதுவும் கழுத்தை நீட்டியே பறக்கும். ஆனால் எக்காளம் ஊதினாற்போல் குரல் எழுப்பிக்கொண்டு செல்லும். நாரையோ பெரும்பாலும் ஊமை; அலகைத் தட்டி ஒலி எழுப்புவதோடு சரி.

சாரசக் குலம் நம் நாட்டிற்கு வாடிக்கையாக வருவதில்லை. அக்குலத்துச் சிறு பறவை ஒன்று மங்கோலியா முதலிய நாடுகளிலிருந்து இமயத்தைக் கடந்து, இராஜஸ்தானத்துக் கீச்சன் என்னும் சிற்றூருக்கு ஆயிரக்கணக்கில் வருகிறது. ஊர் மக்கள் தானியம் இறைத்து அதனைப் பேணுகின்றனர். 2025ஆம் ஆண்டில் அவ்வூர் நீர்நிலைகள் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. நம் ஜோகூரில் பூலாவ் குக்கூப், தஞ்சோங் பியாய், சுங்கை பூலாய் ஆகிய மூன்று சதுப்புக் காடுகள் 2003ஆம் ஆண்டிலேயே அப்பட்டியலில் சேர்ந்துவிட்டன என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மலாய் மக்கள் வழுக்கைப் பறவை என்னும் பொருளில் 'பூரோங் போத்தாக்' என அழைக்கும் பெரிய நாரை அங்கு வாழ்கிறது.

அண்மை ஆண்டுகளில் மற்றொரு விருந்தாளியும் வந்துள்ளது. அது நத்தைகுத்தி நாரை. வாயை மூடினாலும் அதன் அலகின் நடுவே பாக்குவெட்டியில் இருப்பதுபோல் ஓர் இடைவெளி தெரியும். தமிழகத்து வேடந்தாங்கலில் கூடு கட்டும் இப்பறவை, 2019 டிசம்பரில் நமக்கு அண்டையிலுள்ள சிங்கப்பூர் வானில் பெருங்கூட்டமாக வட்டமிட்டது. வயல்களில் பெருகிவிட்ட அயல்நாட்டு நத்தையே இதனைத் தெற்கே ஈர்த்தது எனப் பலர் கருதுகின்றனர்.

இனிப் படம் பிடிக்கும் முறைக்கு வருவோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பறவை, ஒரு வினாடியில் ஏறக்குறைய 11 மீட்டர் கடக்கிறது. காமிராவின் ஷட்டர் ஒரு வினாடியில் 60இல் ஒரு பங்கு நேரம் திறந்திருப்பின், அதற்குள் பறவை 18 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் பறவை இராது, வெள்ளைக் கோடே இருக்கும். 1,000இல் ஒரு பங்கு நேரமாயின் நகர்வு ஒரு சென்டிமீட்டர் அளவே. சிறகு நுனி உடலினும் விரைந்து அசைவதால் அதற்கு மேலும் விரைவு நன்று.

இவ்வுண்மையை முதலில் செயலில் காட்டியோருள் ஒருவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் எத்தியேன் ழூல் மாரே. அவர் 1882இல் துப்பாக்கி வடிவில் ஒரு புகைப்படக் கருவி செய்தார். விசையை அழுத்தினால் ஒரு வினாடியில் 12 படங்கள் பதியும். பறவையை வீழ்த்தாத துப்பாக்கி! சிறகு மேலெழுவதும் கீழ்வருவதும் எவ்வாறு என்பதை அதனால் கண்டார்.

நமக்கு அத்தகைய கருவி வேண்டியதில்லை. கூட்டம் தலைக்கு மேலே தாழ்வாகச் செல்லுமாயின் கைபேசியே போதும். கதிரவன் நம் முதுகுப்புறம் இருக்குமாறு நின்று, கூட்டம் முழுவதும் அடங்குமாறு எடுத்தல் வேண்டும். ஒற்றைப் பறவையைப் பெரிதாக எடுக்கும் ஆசையில் கூட்டத்தை இழப்போர் பலர். வெளிச்சமான வானம் கருவியை ஏமாற்றிப் பறவைகளைக் கருநிழலாக்கிவிடும். அப்படம் அழகுப் போட்டிக்கு ஆகாது. எனினும் எண்ணுவதற்கும் கழுத்தைக் கண்டு இனம் அறிவதற்கும் அதுவே போதும்.

எண்ணுவதற்கா என வியக்க வேண்டா. ஜப்பானில் இசுமி என்னும் ஊருக்கு ஆண்டுதோறும் 10,000க்கும் மேற்பட்ட சாரசக் குலப் பறவைகள் குளிர்காலத்தில் வருகின்றன. விடியற்காலையில் அவை உறங்குமிடம் விட்டு எழும்போது, அவ்வூர்ப் பள்ளி மாணவர்கள் பனியில் நின்று எண்ணிக் கணக்கெடுக்கின்றனர். 2022ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பறவைக் காய்ச்சலால் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அங்கு மடிந்தன. பல்லாண்டுக் கணக்கு கையில் இருந்தால்தான் இழப்பின் அளவும் விளங்கும்.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் மறைக்காமல் கூறிவிடுகிறோம். முதன்முறை மாணவர்களை அழைத்துச் சென்றபோது, பறவைகள் முன்னரே மரத்தில் அடைந்திருந்தன. பறக்கும் படம் வேண்டுமென்னும் ஆவலில் கைதட்டச் செய்தோம். கூட்டம் முழுவதும் எழுந்தது. படமோ மங்கல். பறவைகள் இருட்டும்வரை சுற்றிச் சுற்றி வந்தன. சில திரும்பி அமரவே இல்லை. ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த பறவைக்கு, ஓய்வு நேரத்தில் வீணாகும் ஒவ்வொரு சிறகடிப்பும் உண்ட இரையின் இழப்பாகும். உடன் வந்த மாணவி ஒருத்தி, "நாளைக்கு முன்னாடியே வந்து காத்திருப்போம், சார்" என்றாள். அடுத்த நாள் அவ்வாறே செய்தோம்.

அன்று கிடைத்த படத்தைப் பெரிதாக அச்சிட்டு, மூன்று மாணவரிடம் தந்து எண்ணச் சொன்னோம். மூன்று விடைகள் வந்தன! பின்னர் அளவுகோலால் கட்டம் வரைந்து, எண்ணிய பறவை ஒவ்வொன்றின்மீதும் சிவப்பு மையால் புள்ளி வைக்கச் சொன்னோம். இம்முறை மூவர் விடையும் ஒன்றாயிற்று. களத்தில் நாங்கள் கண்ணால் மதித்துச் சொன்ன தொகை அதில் பாதியைக்கூட எட்டவில்லை. படத்தின் பின்புறம் நாள், நேரம், இடம், காற்றின் திசை ஆகியவற்றை எழுதி வகுப்பறை அலமாரியில் வைத்துள்ளோம். அடுத்த பருவத்துப் படத்திற்கு அதன் அருகில் இடம் விட்டிருக்கிறோம்.