அம்பாசடரில் வாக்குவம் அளப்பது: எண்ணை விட முள்ளைக் கவனியுங்கள்

அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் ஐட்லிங்கில் குலுங்கினால் பலரும் முதலில் கை வைப்பது கார்பரேட்டரில்தான். மிக்சரைத் திருகித் திருகிக் கலைத்த பிறகே வால்வு, கேஸ்கெட் பக்கம் யோசனை போகிறது. அதற்கு முன்பே ஒரு வாக்குவம் கேஜை மாட்டிப் பாருங்கள். கோளாறு எந்தப் பக்கம் என்பது அங்கேயே தெரியும்.

இன்ஜினை நன்றாகச் சூடேற்றுங்கள். சோக் முழுக்க உள்ளே இருக்கட்டும். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டபடி. ஃபேன் அருகே துண்டோ தளர்ந்த சட்டைக் கையோ வேண்டாம்.

அடுத்தது, ஹோஸை எங்கே மாட்டுவது? பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். கார்பரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய குழாய் கைக்கு எளிதாக எட்டும் என்பதால் அதில் மாட்டிவிடுகிறார்கள். அதன் துளை த்ராட்டில் தகட்டின் விளிம்பை ஒட்டி இருப்பதால் ஐட்லிங்கில் அங்கே இழுப்பு கிடையாது. கேஜ் பூஜ்யம் காட்டி, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் ஏறினால் இடம் தப்பு. நமக்கு வேண்டியது இன்லெட் மேனிஃபோல்டின் நேரடி இழுப்பு. பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் மேனிஃபோல்டிலிருந்து வரும் தடித்த ஹோஸில் டி-பீஸ் போடுங்கள், ஆனால் ஒருவழி வால்வுக்கு மேனிஃபோல்ட் பக்கமாக. பூஸ்டர் பக்கம் போட்டால் முள் அசையாமல் நின்று பொய் சொல்லும். பூஸ்டர் இல்லையா? மேனிஃபோல்டில் அடைத்து வைத்த துளை இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மேனிஃபோல்டைக் கழற்றி லேத்தில் கொடுத்துத் துளையிட்டு மரை போடுங்கள். வண்டியிலேயே துளை போடக் கூடாது. உலோகத்தூள் சிலிண்டருக்குள் போய்விடும்.

கடல்மட்டத்தை ஒட்டிய ஊரில் நல்ல இன்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும். ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். ஊட்டி ஏழாயிரம் அடிக்கு மேல். அங்கே 12 காட்டுகிறதே என்று இன்ஜினைப் பிரித்துவிடாதீர்கள்.

எண்ணைவிட முள்ளின் ஆட்டம்தான் முக்கியம். அசையாமல் 15 அளவில் நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கலாம். அதைவிட வெகுவாகக் கீழே நின்றால் காற்றுக் கசிவைத் தேடுங்கள்: மேனிஃபோல்ட் கேஸ்கெட்டின் ஓரத்தில் சில சொட்டு இன்ஜின் ஆயில் விடுங்கள். முள் சட்டென்று ஏறினால் கசிவு அங்கேதான். பெட்ரோல் தெளித்துப் பார்க்கும் பழக்கம் அறவே வேண்டாம், நேர் கீழே எக்ஸாஸ்ட் கொதிக்கிறது. தாளம் தவறாமல் முள் வெட்டி வெட்டி இறங்கினால் எரிந்த வால்வு. அதே தாளத்தில் மிக ஆழமாக விழுந்தால் ஹெட் கேஸ்கெட் மீது சந்தேகப்படுங்கள். ஐட்லிங்கில் வேகமாக நடுங்கி, வேகம் கூட்டியதும் நிலைத்தால் வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. வேகம் கூடக் கூட நடுக்கமும் கூடினால் வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. மெதுவாக அங்குமிங்கும் மிதந்தால், அப்போது மட்டும் கார்பரேட்டரைத் தொடுங்கள்.

பிறகு ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுக்கத் திறந்து விடுங்கள். முள் பூஜ்யத்துக்கு அருகே விழுந்து, 24, 25 வரை எகிறி, பழைய இடத்தில் நிற்க வேண்டும். அவ்வளவு எகிறாவிட்டால் ரிங் தேய்மானம். 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சைலன்சர் அடைப்பு.

கேஜைப் பார்த்தே டைமிங் வைப்பது நல்ல குறுக்குவழிதான். ஆனால் முள் உச்சம் தொட்ட இடத்தில் டிஸ்ட்ரிபியூட்டரை முடுக்கிவிடாதீர்கள். அந்த இடத்தில் டைமிங் மிகவும் முந்திவிடும். மேட்டில் இன்ஜின் நாக் அடிக்கும். ஓர் அங்குலம் குறையும்வரை பின்னே திருப்பி, டைமிங் லைட் வைத்து உறுதி செய்யுங்கள்.

ரிங் போயிற்று என்று கேஜ் சொன்னாலும் உடனே இன்ஜினை இறக்க வேண்டாம். நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.