படமும் பெயரும்: வலைப்பக்கம் கற்பித்த பாடம்

கல்லூரியிற் கற்கும் பாடங்களுட் சில தேர்வுக்கு உதவுவன; சில வாழ்வுக்கு உதவுவன. வலைப்பக்க வடிவமைப்பும் பல்லூடகத் தயாரிப்பும் முதல்வகையைச் சார்ந்தனவென்றே யாம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் மாறிய வரலாற்றை இவ்விழா மலர் வாயிலாகப் பழைய மாணவர்க்கும் உடன்பயில்வோர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

வலைப்பக்கம் என்பது யாது? திரையில் அஃது ஓவியம்போலத் தோன்றினும் அதன் அடியில் இருப்பது எழுத்தே. இது தலைப்பு, இது பந்தி, இது படம் என ஒவ்வோர் உறுப்பையும் குறியிட்டுக் காட்டும் மொழி எச்.ரி.எம்.எல். எனப்படும். ஆங்கில அறிஞர் ரிம் பேர்ணர்ஸ்-லீ, ஜெனீவா நகரையடுத்த சேர்ண் ஆய்வுகூடத்திலிருந்து 1989ஆம் ஆண்டில் தாம் முன்மொழிந்த உலகளாவிய வலைக்கென இதனை வகுத்தார். நிறம், அளவு, இடைவெளி ஆகியவற்றை ஒழுங்கு செய்வது சி.எஸ்.எஸ். என்னும் பிறிதொரு மொழியாகும்.

தமிழில் எழுதப் புகுந்தபோது வேறோர் உண்மை விளங்கிற்று. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின்மீதே தமிழ் வடிவம் ஏற்றப்பட்டிருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் நம் தமிழ் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாகக் காட்சியளிக்கும். 1991ஆம் ஆண்டில் வெளியான யூனிக்கோட் முதற் பதிப்பிலேயே தமிழெழுத்துகளுக்குத் தனியெண்கள் ஒதுக்கப்பட்டன. ஆதலின், இன்று 'அ' எந்நாட்டுக் கணினிக்குச் சென்றாலும் 'அ' ஆகவே நிற்கும். தனக்கெனப் பெற்ற அடையாளமே அதனைக் காக்கின்றது.

பயிற்சியின் பொருட்டு, யாம் பிறந்த பொகவந்தலாவையைப் பற்றி ஒரு பக்கம் ஆக்கினோம். தேயிலை மலைச்சரிவையும், மூடுபனியையும், கூடை சுமந்து நிற்கும் பெண்களையும் கைத்தொலைபேசியாற் படம் பிடித்தோம். மலையிடுக்கில் அலைவரிசை நலிந்த இடத்திலும் பக்கம் விரைந்து திறக்கவேண்டுமென்று படங்களின் நிறையைக் குறைத்தோம். தப்போசையையும் பதிந்து சேர்த்தோம். ஆசிரியர் பார்த்து, "நன்று" என்றார். பின்னர்த் திரையை அணைத்துவிட்டு, பார்வையற்றோர்க்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருளை இயக்கினார். படம் வந்த இடந்தோறும் அது கோப்பின் எண்ணை மட்டுமே வாசித்தது. படத்தில் இருப்பது இன்னதெனக் கூறும் மாற்றுரையை யாம் எழுதாது விட்டமையே அதற்குக் காரணம்.

உடனே, "கொழுந்து கொய்யும் பெண்" என எழுதிக் காட்டினோம். "அந்த அம்மாவுக்குப் பெயர் இல்லையா?" என்று ஆசிரியர் வினவினார். எமக்கு விடை கூற இயலவில்லை. அவர் எம் லயத்துக்கு அடுத்த லயத்தில் வாழ்பவர். நோயுற்ற காலத்தில் எமக்குக் கஞ்சி கொணர்ந்தவர். அம்மாயி என்று அழைத்ததன்றி, அவர் பெயரை யாம் ஒருநாளேனும் கேட்டதில்லை.

அவ்வினாவோடு ஊர் திரும்பியபோது, புனித மரியாள் ஆலய வளவிலுள்ள ஒரு கல்லறை எம் நினைவுக்கு வந்தது. புகைப்படக் கலையின் முன்னோடியருள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களால் வரலாற்று மாணவர் அறிந்த கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் கமரனே இவர் கணவர். அம்மையார் தம் 48ஆம் வயதில், 1863இல், முதன்முதலாகக் கமெராவைக் கையேற்றார். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாவிற் காலமானார். இங்கிலாந்தில் அவர் படம்பிடித்த கவிஞர் ரெனிசனும் அறிவியலாளர் டார்வினும் தத்தம் பெயராலேயே அப்படங்களில் வாழ்கின்றனர். இலங்கையில் எடுத்தவற்றுள் எஞ்சியவையோ மிகச் சில. அவற்றுள் ஒன்று, 'களுத்துறைக் குடியானவர் குழு' என்று மட்டுமே தலைப்புப் பெற்றுள்ளது. அதில் நிற்போர் யாவர் என்பதைத் தலைப்புக் கூறவில்லை.

அம்மையாரைக் குறைகூற யாம் முற்படவில்லை. ஒன்றரை நூற்றாண்டின் பின்னர் யாமும் அதனையே செய்தோமென்பதே எம்மை வருத்திற்று. தோட்டத்திலே ஒருநாள் உழைப்புப் பதியப்படுவதற்குப் 'பேர்' என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. பேருக்காகவே நாள்முழுதும் மலையேறியவரைப் பெயரின்றித் திரையேற்றுதல் முறையாகுமா?

மறுநாள் அம்மாயியிடம் சென்று பெயரையும், அவர் வேலைக்குச் சேர்ந்த வயதையும் கேட்டு எழுதினோம். படத்தை இடலாமா என்று அப்பொழுதே முதன்முறையாகக் கேட்டோம். அவர் சிரித்து, சேலையைத் திருத்திக்கொண்டு, வேறொரு படம் எடுக்கும்படி கூறினார். மற்றொருவர் தம் படம் வேண்டாமென்றார், அதனை நீக்கினோம். இசைவு பெறுதலும் இக்கலையின் இலக்கணம் என்பதை இவ்வாறு கற்றோம். அம்மாயி இசைவளித்தது அப்பக்கத்துக்கு மட்டுமே. ஆதலின் அவர் பெயரை ஈண்டு எழுதாது விடுகின்றோம்.

2005ஆம் ஆண்டு முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பாடசாலை மலர்களையும் வருடிப் பேணி வருகின்றது. நம் கல்லூரிக்கும் அத்தகைய கடமை உண்டு. பழைய மாணவர் வீடுகளிலே குழுப்படங்கள் பல சுவரில் மங்கிக்கொண்டிருக்கும். அவற்றை வருடித் திரையேற்ற மாணவராகிய யாம் ஆயத்தமாயிருக்கின்றோம். ஆயின், முன்வரிசையில் மூன்றாவதாக இருப்பவர் யார் என்பதை எந்தக் கணினியும் எமக்குச் சொல்லாது. அதனை அறிந்தவர் நீங்களே. அன்புகூர்ந்து, படங்களைத் தரும்போது அவற்றின் பின்புறத்திற் பெயர்களையும் எழுதித் தாருங்கள்.